மனநிலை தேறிவிட்டது, மறதி ஏன் தேறவில்லை? பைபோலார் கேள்வி பதில்

பைபோலார் (மனம் சில காலம் மேனியா என்ற அளவுகடந்த எழுச்சிக்கும், சில காலம் டிப்ரெஷன் என்ற ஆழ்ந்த சோர்வுக்கும் போய்வரும் நோய்) உள்ளவர்களும் அவர்கள் வீட்டாரும் நினைவாற்றல், கவனம், யோசிக்கும் வேகம் பற்றிக் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் மருந்து எழுதும் மனநல மருத்துவர் அல்ல, மருத்துவ உளவியலாளர். சோதனைத் தாளும் ஸ்டாப்வாட்ச்சுமாக எதிரே உட்கார்ந்து யாருக்கு எது தடுமாறுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. பலர் ‘டாக்டர்’ என்றே எழுதியிருக்கிறீர்கள், இருக்கட்டும். எத்தனை மில்லிகிராம் என்ற வகைக் கேள்விகளை மட்டும் உங்கள் மருத்துவருக்கே விட்டுவிட்டேன்.

கேள்வி: டாக்டர், எனக்கு 34 வயது, பைபோலார் வகை 1 (முழு மேனியா வரும் வகை). ஒரு வருடத்துக்கு மேலாக மேனியாவும் இல்லை, டிப்ரெஷனும் இல்லை. ஆனால் மீட்டிங்கில் பாதி நேரம் போனதும், ஆரம்பத்தில் என்ன பேசினார்கள் என்பது மறந்துவிடுகிறது. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். இது நோயா, என் பிரமையா?

பதில்: பிரமை இல்லை. ஆனால் ரொம்ப காலம் மருத்துவ உலகமே இதை நம்பவில்லை. 1899இல் ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரெப்பெலின் மனநோய்களை இரண்டு பெரிய பிரிவாகப் பிரித்தார். ஒன்றில், அதாவது இன்று ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு) என்கிறோமே அதில், மூளைத்திறன் தேய்ந்துகொண்டே போகும்; இன்னொன்றில், அதாவது இன்று பைபோலார் என்கிறோமே அதில், அலை வந்து போனதும் ஆள் பழையபடி ஆகிவிடுவார் என்று எழுதினார். பாதி உண்மைதான். ஆனால் அந்தப் பாதியை நம்பியே, “மூடு நன்றாக இருக்கிறதல்லவா, அப்புறம் என்ன?” என்று பல பத்தாண்டுகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மனநிலை சமமாக இருக்கும் காலத்திலேயே சோதித்துப் பார்த்த ஆய்வுகள் இப்போது ஏராளம். திரும்பத் திரும்பத் தடுமாறுவது நான்கு இடங்களில்: காதால் கேட்டதை மனதில் பதிப்பது, கவனத்தை நீண்ட நேரம் ஒன்றில் நிறுத்துவது, யோசிக்கும் வேகம், திட்டமிட்டு ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது. பொது அறிவுத்திறனும் சொல்வளமும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதனால்தான் உங்களோடு அரை மணி நேரம் பேசுகிறவருக்கு எந்தக் குறையும் தெரியாது.

என் அறையில் இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். ஒரு சொற்பட்டியலை நிதானமாக வாசிப்பேன்: ரம்பம், திராட்சை, பேருந்து, சுத்தியல், மாதுளை, கப்பல் என்று கலந்து வரும். முடித்ததும் நினைவிருப்பதைச் சொல்லச் சொல்வேன். அப்புறம் அதே பட்டியலை மறுபடி, மறுபடி வாசிப்பேன். பலர் இரண்டாவது முறையிலேயே பழங்களை ஒரு கட்டாகவும் வண்டிகளை ஒரு கட்டாகவும் திருப்பித் தருவார்கள். பைபோலார் உள்ளவர்களில் கணிசமானோர் அப்படிக் கட்டாமல், காதில் விழுந்த வரிசையிலேயே பிடிக்கப் பார்த்துப் பாதியில் விட்டுவிடுவார்கள். ஆனால் அரை மணி கழித்துக் கேட்டால், பதிந்த சொற்கள் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். ஆக, சிக்கல் முக்கியமாக உள்ளே போடும் இடத்தில். உள்ளே போனது அழிந்துபோவதில்லை. உங்கள் மீட்டிங் பிரச்சினையும் அதுவாகத்தான் இருக்கும். பேச்சை மட்டும் நம்பாதீர்கள். என்னென்ன பேசப்போகிறார்கள் என்ற பட்டியலை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நடுவில் நீங்களே தலைப்பு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. “டிப்ரெஷன் இல்லை” என்கிறீர்கள். முழு டிப்ரெஷன் இல்லாமல் இருக்கலாம். வகை 1 உள்ளவர்களைப் பல ஆண்டுகள் வாராவாரம் கணக்கெடுத்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஏறக்குறைய பாதி வாரங்களில் ஏதோ ஓர் அறிகுறி இருந்தது. அதில் மேனியா பக்கத்தைவிடச் சோர்வுப் பக்கம் மூன்று மடங்கு அதிகம், அதுவும் பெரும்பாலும் லேசான அளவில். அந்த லேசான சோர்வே கவனத்தைத் தின்றுவிடும். காலையில் எழவே மனம் வராமல் கிடப்பது, பிடித்தவற்றில் ருசி குறைவது, மதியம்வரை தலை கனப்பது, இதெல்லாம் இருந்தால் முதலில் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மேடம், என் கணவருக்கு பைபோலார். மூன்று வேலை சொன்னால் ஒன்றைத்தான் செய்கிறார். கேட்டால் “நீ சொல்லவே இல்லையே” என்கிறார். வேண்டுமென்றே செய்கிறாரோ என்று கோபம் வருகிறது.

பதில்: கோபம் வருவது இயல்பு. ஆனால் “நீ சொல்லவே இல்லை” என்பது அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் இருக்கலாம். மேலே சொன்னதுதான், உள்ளே போகவே இல்லை. டிவி ஓடும்போதும், அவர் போனில் இருக்கும்போதும், நீங்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொல்லும்போதும் அது போகாது. முகம் பார்த்து ஒன்றை மட்டும் சொல்லுங்கள், அவர் வாயால் திருப்பிச் சொல்லட்டும், மற்ற இரண்டையும் மெசேஜாக அனுப்பிவிடுங்கள். ஒரு மாதம் இப்படிச் செய்தும் மெசேஜில் இருப்பதும் நடக்கவில்லை என்றால், அது நினைவாற்றல் விஷயம் இல்லை. அதை இருவரும் உட்கார்ந்துதான் பேச வேண்டும். எல்லாவற்றையும் நோயின் தலையில் போடவும் கூடாது.

கேள்வி: லித்தியம் ஆரம்பித்ததிலிருந்து மூளை மந்தமாகிவிட்டது. முன்பெல்லாம் ஐடியா கொட்டும். நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: இந்தக் கேள்வி பல பேரிடமிருந்து வந்திருக்கிறது. அவசரப்படாமல் படியுங்கள்.

பைபோலாரில் மனநிலையைச் சமமாக வைக்கத் தரும் லித்தியத்தால் யோசிக்கும் வேகமும் சொற்களை நினைவுகூர்வதும் கொஞ்சம் குறையலாம். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சோதனைகளில் தெரியும் குறைவு சிறியது, நோயாளிகள் உணர்வதோ பெரியது. இந்த இடைவெளிக்குக் காரணம், ஒப்பிடும் காலம். “முன்பெல்லாம்” என்று நீங்கள் சொல்லும் நாட்களில் எத்தனை நாள் ஹைப்போமேனியா (லேசான மேனியா) என்று வீட்டில் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். தூக்கமில்லாமல் ஐடியா கொட்டிய அந்த மாதத்தை அளவுகோலாக வைத்தால், எந்தச் சாதாரண நாளும் மந்தமாகத்தான் தெரியும்.

அதே சமயம், “அது உங்கள் மனப்பிரமை” என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். தேட வேண்டிய காரணங்கள் இருக்கின்றன. லித்தியம் தைராய்டு சுரப்பைக் குறைக்கும். தைராய்டு குறைந்தாலே யோசனை மெதுவாகும், உடல் எடை கூடும், எந்நேரமும் அசதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டும் சிறுநீரகமும் பார்க்கச் சொல்வது இதனால்தான். அடுத்து ரத்தத்தில் லித்தியத்தின் அளவு. நீண்ட காலப் பராமரிப்புக்குப் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைப்பார்கள். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தமாக இருந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். உங்கள் அளவு மேல் விளிம்பில் இருந்தால் சற்றுக் குறைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை.

அப்புறம், லித்தியத்தோடு வேறு என்ன போடுகிறீர்கள்? கை நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் தரும் டிரைஹெக்ஸிபெனிடில் நினைவாற்றலைக் கெடுக்கும். நெருக்கடிக் காலத்தில் ஆரம்பித்து, யாரும் நிறுத்தச் சொல்லாததால் வருடக்கணக்கில் அது தொடர்வதை நிறையப் பார்க்கிறேன். தூக்கத்துக்கான குளோனசெபாம், லோராசெபாம் வகை மாத்திரைகளும் புதிய விஷயம் மனதில் பதிவதைத் தடுக்கும். டோபிராமேட் போடுகிறவர்களுக்குச் சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடும். லமோட்ரிஜின் இந்த விஷயத்தில் ஓரளவு சாது. பழி எப்போதும் லித்தியத்தின் மேல்தான் விழுகிறது, குற்றவாளி பல சமயம் பக்கத்து அட்டையில் இருக்கிறது.

ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் முதல் சில மாதங்களிலேயே நோய் திரும்பும் அபாயம் அதிகம், தற்கொலை அபாயமும் கூடுகிறது. மேனியா திரும்பத் திரும்ப வந்தவர்களின் சோதனை முடிவுகள்தான் மற்றவர்களுடையதைவிட மோசமாக இருக்கின்றன என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மந்தம் தாங்காமல் மருந்தை விட்டு, ஒரு மேனியா வந்துவிட்டால் கணக்கு எந்தப் பக்கமும் ஒத்துவராது.

இது தனி: கை நடுக்கம் திடீரென்று அதிகமாவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாம் ‘மந்தம்’ இல்லை. லித்தியம் நச்சு அளவுக்குப் போயிருக்கலாம். அன்றே மருத்துவமனை. உடலில் நீர் வற்றினாலோ, இபுபுரூஃபென் மாதிரி வலி மாத்திரை சேர்ந்தாலோ இப்படி ஆகும்.

கேள்வி: என் அண்ணனுக்கு பைபோலார். எனக்கு எதுவும் இல்லை. ஆனால் பெயர்கள் மறக்கின்றன, ஒரே நேரத்தில் இரண்டு வேலை ஓடுவதில்லை. உறவினர்களுக்கும் மூளைத்திறன் குறையும் என்று எங்கோ படித்தேன். எனக்கும் வரப்போகிறதா?

பதில்: நீங்கள் படித்தது சரி, எடுத்துக்கொண்ட முடிவு தவறு.

நோய் இல்லாத பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகளைச் சோதித்த ஆய்வுகளில், சொற்களை நினைவில் வைப்பது, எழும் துடிப்பை அடக்கி நிறுத்துவது போன்ற சிலவற்றில் சிறிய வித்தியாசம் தெரிகிறது. நோயுள்ளவர்களிடம் தெரிவதைவிட அது மிகச் சின்னது. ஆராய்ச்சியாளர்களுக்கு இது தங்கம். மருந்து சாப்பிடாத, மேனியா பார்க்காத ஆளிடமும் அந்தச் சாயல் இருக்கிறது என்றால், அதில் ஒரு பகுதி பரம்பரையாக வருகிறது; எல்லாமே மாத்திரையின் வேலை இல்லை. அவர்களுக்கு அது ஒரு தடயம்.

ஆனால் அந்த வித்தியாசம் கூட்டத்தின் சராசரியில் இருப்பது. உறவினர்கள் நூறு பேரையும் மற்றவர்கள் நூறு பேரையும் நிற்க வைத்தால் இரண்டு கூட்டமும் பெரும்பாலும் ஒன்றின் மேல் ஒன்று படிந்துவிடும். தனி ஆளாக உங்கள் மதிப்பெண்ணைப் பார்த்து, நீங்கள் எந்தக் கூட்டம் என்று என்னால் சொல்ல முடியாது, வேறு யாராலும் முடியாது. எதிர்காலத்தைச் சொல்ல அது உதவவே உதவாது. பைபோலாரில் பரம்பரையின் பங்கு பெரிது, இரட்டையர் ஆய்வுகளில் 60 முதல் 85 விழுக்காடுவரை வருகிறது. ஆனாலும் பெற்றோரிலோ உடன்பிறந்தவர்களிலோ ஒருவருக்கு இருந்தால், மற்றவருக்கு வரும் வாய்ப்பு சுமார் பத்தில் ஒன்று, அல்லது அதற்கும் கீழே. 85 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு ‘எனக்கு 85 விழுக்காடு வாய்ப்பு’ என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணுக்கு அர்த்தம் அதுவல்ல. மக்களுக்கிடையே உள்ள வேறுபாட்டில் எவ்வளவு மரபணு சார்ந்தது என்பதைத்தான் அது சொல்கிறது.

பெயர் மறப்பதும் இரண்டு வேலை ஒன்றாக ஓடாததும் எல்லோர் வீட்டுக் கதை. அண்ணனைக் கவனித்துக்கொண்டு இரவில் சரியாகத் தூங்காமல் இருக்கிறீர்களா? அதுவே போதுமான காரணம்.

கேள்வி: கணவருக்கு பைபோலார். பையனுக்கு 8 வயது. இப்போதே மூளைத்திறன் சோதனை செய்து வைத்தால் நல்லதா?

பதில்: பள்ளியில் சிரமம் எதுவும் இல்லையென்றால் வேண்டாம். டென்மார்க்கில் ஏழு வயதுப் பிள்ளைகள் 522 பேரைச் சோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பெற்றோருக்கு ஸ்கிசோஃப்ரீனியா இருந்த பிள்ளைகளிடம் பல திறன்களில் பின்னடைவு தெரிந்தது. பைபோலார் உள்ளவர்களின் பிள்ளைகளோ மற்றப் பிள்ளைகளைப் போலவே செய்தார்கள். காரணமில்லாமல் சோதனைக்கு அழைத்து வந்தால், ‘அப்பா மாதிரி ஆகிவிடுவேனோ’ என்ற கேள்வியைப் பையன் தலையில் நாமே விதைத்ததாகிவிடும். படிப்பு சட்டென்று சரிவது, தூக்கம் குலைவது, வாரக்கணக்கில் மனம் வாடியிருப்பது தெரிந்தால் அப்போது வாருங்கள்.

கேள்வி: பைபோலார் உள்ளவர்கள் மேதைகள் என்கிறார்களே. நீங்கள் குறையையே சொல்கிறீர்கள்!

பதில்: இரண்டும் ஒரே குடும்பத்தில் இருக்க முடியும். சுவீடனில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களின் மதிப்பெண்களைப் பின்தொடர்ந்து 2010இல் வந்த ஆய்வில், 16 வயதில் மிகச் சிறப்பாகப் படித்தவர்களுக்கு, சராசரி மாணவர்களைவிட பைபோலார் வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. சுவாரசியம் என்னவென்றால், கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கும் இரண்டு மடங்கு. அதே நாட்டில் 2011இல் வந்த இன்னொரு ஆய்வில், பைபோலார் உள்ளவர்களும் நோயில்லாத அவர்கள் உடன்பிறந்தவர்களும் கலை, அறிவியல் சார்ந்த படைப்புத் தொழில்களில் எதிர்பார்த்ததைவிட அதிகம் இருந்தார்கள்.

நான்கு மடங்கு என்றாலும் அடிப்படை எண் சின்னது என்பதால், முதல் மாணவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு எதுவும் வராது. மேதை என்ற பட்டம் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மாத்திரையை நிறுத்த அதைச் சாக்காக்குகிறவர்களை அடிக்கடி பார்ப்பதால் எனக்கு அதில் பிரியம் இல்லை.

கேள்வி: இப்படியெல்லாம் எழுதிப் பயமுறுத்துகிறீர்கள். என் நண்பனுக்கு பைபோலார், தனியாகத் தொழில் நடத்துகிறான், கணக்கெல்லாம் விரல் நுனியில்.

பதில்: நம்புகிறேன். எங்கே கோடு போடுகிறோம் என்பதைப் பொறுத்து, ஏதாவது ஒரு திறனில் குறை தெரிவது 40 முதல் 60 விழுக்காட்டினரிடம்தான். மீதிப் பேர் சோதனையில் மற்றவர்களைப் போலத்தான் வருகிறார்கள். உங்கள் நண்பர் அந்த மீதியில் ஒருவர்.

கேள்வி: கல்லூரி மூன்றாம் ஆண்டு. முதல் மேனியா வந்து மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தேன். இரண்டு மாதத்தில் தேர்வு. ஒரு பாராகூடத் தலையில் ஏறவில்லை. இனி இப்படியேதானா?

பதில்: இல்லை தம்பி. முதல் மேனியாவுக்குப் பிறகு ஓராண்டு பின்தொடர்ந்த கனடா ஆய்வில், மறுபடி எபிசோட் (மேனியா அல்லது டிப்ரெஷன் அலை) வராதவர்களின் திறன்கள் நன்றாக மீண்டன; மீண்டும் வந்தவர்களுக்கு அந்த அளவு மீளவில்லை. அதனால் இந்த வருடம் உங்கள் முதல் பாடம் தூக்கமும் மருந்தும். இரவு முழுக்க விழித்துப் படிப்பது மேனியாவை மறுபடி கூப்பிடும் வழிகளில் ஒன்று. முடிந்தால் பாதித் தாள்களை அடுத்த பருவத்துக்குத் தள்ளுங்கள், மருத்துவச் சான்றிதழோடு துறைத் தலைவரைப் பாருங்கள். இந்த இரண்டு மாதத்தில் மூளை இருக்கும் நிலையை வைத்து உங்கள் முழுத் திறனை எடை போடாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, முப்பது வருடமாக பைபோலார். சமீபமாக மறதி. டிமென்ஷியாவா?

பதில்: பைபோலார் உள்ளவர்களுக்கு டிமென்ஷியா (மூளைத்திறன் படிப்படியாகத் தேயும் நோய்) வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். டென்மார்க் பதிவேடுகளில், மருத்துவமனையில் சேர வேண்டிவந்த ஒவ்வொரு எபிசோடுக்கும் அது சராசரியாக 6 விழுக்காடு கூடியது. அதனால் சந்தேகப்படுவது சரிதான். ஆனால் முதல் சந்தேகம் அதுவாக இருக்க வேண்டாம்.

‘சமீபமாக’ என்றால் எவ்வளவு? இரண்டு நாளில் குழம்பிப்போனார் என்றால் அது அவசரம்: லித்தியம் ஏறியிருக்கலாம், வால்ப்ரோயேட் என்ற மருந்து போடுபவரென்றால் ரத்தத்தில் அம்மோனியா ஏறியிருக்கலாம், சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். வயதாக ஆகச் சிறுநீரகத்தின் வேகம் குறைவதால் இருபது வருடமாக ஒத்துக்கொண்ட அதே மாத்திரை அளவு இப்போது அதிகமாகிவிடும். வாரக்கணக்கில் வந்த மறதி என்றால் டிப்ரெஷன், தைராய்டு, பி12, காது கேட்கும் திறன், மேலே சொன்ன டிரைஹெக்ஸிபெனிடில், இவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகிறது, தெரிந்த வழி மாறுகிறது, சமையல் மாதிரி பழகிய வேலை தப்புகிறது என்றால்தான் டிமென்ஷியா பக்கம் போக வேண்டும். ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு சொன்னால் ஏற்காதீர்கள். ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பைபோலார் மறதி பெரும்பாலானவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் இருந்த இடத்திலேயே இருக்கும், டிமென்ஷியா நகரும்.

கேள்வி: ஷாக் சிகிச்சை எடுத்தால் ஞாபகமே போய்விடுமா?

பதில்: சிகிச்சை நடக்கும் வாரங்களும் அதற்கு முந்தைய சில மாதங்களும் மங்கலாகலாம். புதிதாகக் கற்கும் திறன் சில வாரங்களில் மீண்டுவிடும், பலருக்கு முன்பைவிட நன்றாகவே, ஏனெனில் டிப்ரெஷன் விலகியிருக்கும். சிலருக்கு அந்தக் காலத்து நிகழ்வுகளில் ஓட்டைகள் நிரந்தரமாக இருந்துவிடுகின்றன. அதை மறைத்துச் சம்மதம் வாங்கக் கூடாது. முக்கியமான பாஸ்வேர்டு, பணவிவரம் எல்லாம் முன்பே எழுதி நம்பகமானவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: நினைவாற்றலுக்கு மாத்திரை, ஆப், பயிற்சி என்று ஏதாவது உண்டா மேடம்?

பதில்: பைபோலாரின் மறதிக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. விளம்பரத்தில் வரும் எதையும் லித்தியத்தோடு சேர்த்துப் போடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். மூளைப் பயிற்சி ஆப்களில் விளையாடினால் அந்த விளையாட்டில் கெட்டிக்காரர் ஆவீர்கள்; கேஸ் அடுப்பை அணைக்க ஞாபகம் வருமா என்பது வேறு விஷயம்.

எனக்கு நம்பிக்கை தருவது பார்சிலோனா குழுவின் செயல்பாட்டு மறுவாழ்வுப் பயிற்சி. 2013இல் வெளியான ஆய்வில் 239 பேர் பங்கேற்றார்கள். பயிற்சி வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம், 21 வாரம். சோதனை மதிப்பெண்கள் பெரிதாக மாறவில்லை, ஆனால் வேலை, வீடு, மனிதர்களோடு பழகுவது எல்லாம் மேம்பட்டன. சிலர் இதைத் தோல்வி என்று படிப்பார்கள். எனக்கு அது வெற்றி. யாரும் என்னிடம் வந்து சொற்பட்டியலில் நான்கு சொல் கூட வேண்டும் என்று கேட்பதில்லை.

அந்த வகையில் நாங்கள் செய்வது இப்படி இருக்கும். வங்கிக்குப் போய்க் கையெழுத்து மாற்ற வேண்டும், தள்ளிக்கொண்டே போகிறது. ‘வங்கி’ என்று எழுதினால் நடக்காது. அடையாள அட்டையை இன்றிரவே பையில் போடுவது ஒரு வரி. காலை பத்தரைக்குப் போனில் அலாரம் ஒரு வரி. கவுன்டரில் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒரு வரி. முடித்ததும் அடிப்பது. இதை அவரே எழுத வேண்டும், அம்மா எழுதித் தரக் கூடாது. கூடவே தினமும் ஒரே நேரத்தில் தூக்கம், மூச்சு வாங்கும் அளவு நடை, மதுவை விடுவது, சர்க்கரையையும் எடையையும் கட்டுக்குள் வைப்பது. அலுப்பான பட்டியல்தான், ஆனால் ஆப்பைவிட இதைத்தான் நான் நம்புவேன்.

கேள்வி: சோதனைக்கு வருகிறேன். என்ன கொண்டுவர வேண்டும்? படித்துத் தயாராக வேண்டுமா?

பதில்: தயாராகக் கூடாது. இணையத்தில் அதே சோதனைகளைப் பார்த்துவிட்டு வந்தால் முடிவு பயனற்றதாகிவிடும். படிக்கும் கண்ணாடி, காது மெஷின் இருந்தால் அது, இப்போது போடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளும், கடைசி லித்தியம், தைராய்டு முடிவுகளும் போதும். முந்தைய இரவு தூக்க மாத்திரை கூடுதலாகப் போட்டிருந்தாலோ தூங்கவே இல்லை என்றாலோ தேதியை மாற்றச் சொல்லுங்கள். மேனியா அல்லது டிப்ரெஷன் நடுவில் வேண்டாம், தணிந்து சில மாதங்கள் ஆகட்டும். உங்களோடு வசிக்கும் ஒருவரைக் கூட்டி வாருங்கள். அவரிடம் தனியாகப் பத்து நிமிடம் கேட்பேன், நீங்கள் சம்மதித்தால்.